நான்காவது மாத்திரை

தோ கீதே அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டான். ஒப்பந்தத்தின் மூன்று பக்கங்களிலும், கோட்டின்மேல் ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

எதிரே உட்கார்ந்திருந்த ஓக் மிரான் அவன் முகத்தைவிட அந்தக் கையெழுத்தைத்தான் அதிகம் பார்த்தாள். பதினோரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். அங்கே தினம் தினம் பார்த்த மனிதர்களால் குமட்டிப்போய் அதை விட்டுவிட்டு, பூசான் நகரத்தின் யோங்தோ தீவில், மீன் வலைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். இங்கே வருகிறவர்களும் அதே மனிதர்கள்தான் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது.

"எங்க அம்மாவுக்கு எழுபத்திமூணு வயசு மேடம்" என்றான் கீதே. நாற்பத்தைந்து வயது, நல்ல கம்பளிக் கோட்டு. "நாப்பது வருஷம் கப்பல் துறையில, கப்பல் பக்கவாட்டுல கயித்துப் பலகையில தொங்கிக்கிட்டு, சுத்தியலால துரு தட்டின உடம்பு. அந்தச் சத்தத்துலயே காது போச்சு. மிச்சம் இருந்தது இருதயம். அதையும் அம்மா போற ஜிம்முல பயிற்சி குடுக்குற ஜிம்காரி நாசம் பண்ணிட்டா. அங்கயே விழுந்து, இப்ப ஆஸ்பத்திரியில கிடக்குது."

"என்னிக்கு விழுந்தாங்க?"

"போன செவ்வாய்க்கிழமை. எழுபது கிலோ கம்பி. இருதய மாத்திரை சாப்பிடுற கிழவியை எழுபது கிலோ தூக்க வச்சிருக்கா, ராட்சசி. அந்த ஜிம்முக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. பயிற்சியாளர் பேர்ல தப்புன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா போதும்."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"ஒரு வேளை தவறினதில்ல. மருந்துக் கடையில வேளைக்கு ஒரு பொட்டலமா கட்டிக் குடுக்குறதை வாரா வாரம் நான்தான் வாங்கி வைப்பேன். கடைசிப் பொட்டலம் வரைக்கும் காலி. வீட்டுல வந்து பாருங்க."

எழுந்து போகும்போது, காய்ந்த நெத்திலி நிறைந்த பிளாஸ்டிக் பை ஒன்றை மேஜைமேல் வைத்தான். கருவாட்டுச் சந்தையில் அவனுடைய சொந்தக் கடைச் சரக்காம். கதவு சாத்தியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பியோன் தல்சூ எழுந்து வந்து பையின் ஒரு மூலையைப் பல்லால் கிழித்தான். இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மிரானைவிட ஐந்து வயது மூத்தவன், சம்பளத்துக்கு உதவியாளன்.

"நெத்திலி நல்லாருக்கு. அழுகைதான் சரியில்ல" என்றான்.

"ஏன் அண்ணே?"

"மூக்கு சிந்தல மேடம். நெசமா அழறவனுக்குக் கண்ணுக்கு முன்னாடி மூக்கு ஒழுகும். என் வண்டியில எத்தனை பேரு ஏறி அழுதிருக்காங்க, சீட்டைத் துடைச்சவனுக்குத்தானே தெரியும்."

"சீ!" என்றாள் மிரான். ஆனாலும் அதைக் குறித்துக்கொண்டாள்.

* * *

அந்த ஜிம் ஒரு படகு எஞ்சின் பட்டறைக்கு மேலே இருந்தது. கதவைத் திறந்தவுடன் டீசலும், மூட்டுவலித் தைலமும், வியர்த்த ரப்பர் விரிப்பும் சேர்ந்த வாடை முகத்தில் அறைந்தது. சுவர் முழுக்க முதலாளி மாட்டிய பேனர்: 'நாடி 130ஐத் தொடு! பத்து வயதைக் குறை!' அதன் கீழே வரும் சனிக்கிழமை நடக்கப்போகும் முதியோர் பளு தூக்கும் விழாவின் அறிவிப்பு. எழுபது தாண்டிய பதினைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் நா ஹேயின் முப்பத்தாறு வயதுக்காரி. பழைய பளு தூக்கும் வீராங்கனை, தடித்த கழுத்து, அழுது வீங்கிய இமைகள். அவள் மூக்கு சிவந்திருந்ததைத் தல்சூ கண்ஜாடையால் காட்டினான்.

"என்னைப் பத்தித்தானே எழுத வந்திருக்கீங்க? எழுதிக்கங்க" என்றாள் ஹேயின். "நான் சொன்னது அறுபது கிலோ. தண்ணி எடுக்கத் திரும்பினேன். அதுக்குள்ள ஜொம்ரே அம்மா அவங்களே பத்து கிலோ ஏத்தி மாட்டிட்டாங்க. 'பறக்குற மாதிரி இருக்குடி பொண்ணே'ன்னு சொல்லிக்கிட்டே தூக்கினாங்க. நின்னாங்க. அப்புறம் நெஞ்சைப் பிடிச்சாங்க."

"அவங்க நாடி 130 தொடணும்னு விரட்டினீங்களா?"

ஹேயின் பேனரைத் திரும்பிப் பார்த்தாள். வெற்றிலை எச்சிலைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"அது முதலாளி மாட்டினது. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இருதய மாத்திரை. அதுல ஒரு வகை நாடியைக் கட்டி வைக்கும். மலையையே தூக்கினாலும் நூறு, நூத்தஞ்சுக்கு மேல ஏறாது. அவங்களைப் போய் 130 தொடுன்னு விரட்டினா கொலைதான். அதனால எடை ஏத்துறதுக்கு நான் வாட்ச்சைப் பாக்க மாட்டேன், வாயைத்தான் பாப்பேன். தூக்கிட்டு ரெண்டு வார்த்தை பேச முடிஞ்சா எடை சரி. பேச்சு வரலைன்னா குறைப்பேன். ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காரங்க படுத்து எழுந்தா தலை சுத்தும், அவங்களை உக்கார வச்சுத்தான் எழுப்புவேன்."

"நாடியைக் கட்டிட்டா பலம் எங்கிருந்து கூடும்?" என்றான் தல்சூ, நெத்திலியை மென்றபடி.

"மாத்திரை கட்டுறது நாடியைத்தான், தசையை இல்ல. பொறுமையா ஏத்தினா எழுபது வயசுலயும் பலம் ஏறும். ஜொம்ரே அம்மா ரெண்டு வருஷத்துல இருபதுல இருந்து அறுபத்தஞ்சுக்கு வந்தாங்க. மாத்திரை போட்டுக்கிட்டே."

பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். மணிக்கட்டில் கட்டும் வாட்ச் எடுத்த கணக்கு. இரண்டு வருடமாக ஜொம்ரே அம்மாவின் நாடி 104ஐத் தாண்டியதில்லை. கடைசி மூன்று வாரத்தில் மட்டும் 121. பிறகு 137. விழுந்த அன்று 148.

மிரான் அந்த எண்களின் மேல் விரலை வைத்தாள். "இந்த மூணு வாரமா அந்த மாத்திரை அவங்க உடம்புல இல்ல."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேரா கேட்டேன். செத்துப்போன புருஷன் மேல சத்தியம் பண்ணினாங்க, 'பொட்டலத்துல இருக்குறதை அப்படியே வாயில கொட்டிக்கிறேன்'னு. எனக்கு மனசு ஆறல. வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கினேன். செவ்வாய்க்கிழமையே விழுந்துட்டாங்க." மறுபடி அவள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. பழைய இழுவைக் கப்பல் கேப்டன் பாங், எழுபத்தாறு வயது, பளபளக்கும் பச்சை பனியனில் கம்பியைக் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா பொண்ணே, இங்க வந்து பாரு! நூத்தி முப்பத்தொன்பது! கப்பல் எஞ்சின் மாதிரி ஓடுது!"

ஹேயினின் முகம் வெளுத்தது. "ஐயா, கம்பியை விடுங்க. விடுங்கன்னா! போன மாசம் உங்களுக்குத் தொண்ணூத்தெட்டுதானே வந்துச்சு?"

"அது போன மாசம். அப்போ செத்த பொணமா இருந்தேன். இப்போ இதைக் குடிக்கிறேன்ல."

தோள் பையிலிருந்து கட்டைவிரல் நீளப் பொட்டலம் ஒன்றை எடுத்து ஆட்டினார். 'இதய ஊற்று' என்று தங்க எழுத்து. அதன் கீழே கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஒரு கிழவியின் படம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

"இது ஜொம்ரே அம்மா!" என்றாள் ஹேயின்.

"அவளேதான். அவ குடிச்சு அவ்வளவு எடை தூக்கினா, நாம குடிச்சா என்னன்னு இங்க எல்லாரும் குடிக்கிறோம். அவ விழுந்தது எடையை அவசரமா ஏத்தினதால. போன்ல சொன்னா போதும், செருப்பு அலமாரி மேல பெட்டி வந்து உக்காந்திருக்கும். யாரு வைக்கிறான்னு தெரியாது. ஜொம்ரேகிட்ட கேட்டா, 'நல்லது, குடி'ன்னா. அவ பொய் சொல்றவ இல்ல."

"இதோட ஏதாவது பத்தியம் சொன்னாங்களா ஐயா?" என்றாள் மிரான்.

"பெட்டிக்குள்ள சீட்டு இருந்துச்சே. இது பச்சிலையாம், ரசாயனத்தோட சேராதாம். அந்தச் சின்ன நாடி மாத்திரையை மட்டும் நிறுத்தணும். பத்தாவது நாள் உடம்பே சாட்சி சொல்லும்னு போட்டிருந்தான். சொல்லிச்சே! மூணாவது நாளே கால் லேசாயிடுச்சு, மூச்சு திறந்துடுச்சு. படி ஏறுறேன், ஆட்டுக்குட்டி மாதிரி."

தல்சூ பொட்டலத்தை உடைத்துத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து வேடிக்கை வழிந்து போயிற்று.

"வறுத்த பார்லி மாவும் சர்க்கரையும். வேற ஒரு எழவும் இல்ல. நல்ல வியாபாரம் மேடம். கட்டிப்போட்ட நாயை அவுத்துவிட்டுட்டு, பாரு, என் பிஸ்கட்டாலதான் ஓடுதுன்னு சொல்ற வியாபாரம்."

மிரான் அந்தப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூளில் ஒன்றும் இல்லை, அதுதான் அதன் சாமர்த்தியம். விஷம் வைத்தவனைக்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். இவன் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு, அதனால் தாறுமாறாக ஓடிய இருதயத்தையே விளம்பரமாக்கியிருக்கிறான்.

"ஐயா" என்றான் தல்சூ. கேப்டனின் இரண்டு தோள்களையும் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தான். "நான் ஆம்புலன்ஸ் ஓட்டினவன். இந்த மாத்திரையைத் திடீர்னு விட்டவங்க மூணு பேரை ஏத்தியிருக்கேன். ஆஸ்பத்திரி வாசல்ல உசிரோட இறக்கினது ஒருத்தரைத்தான். டாக்டரே நிறுத்தணும்னா கூட வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பாரு. ஆட்டுக்குட்டின்னீங்களே, அது கசாப்புக் கடைக்குப் போற வழியிலயும் துள்ளிக்கிட்டுத்தான் போகும்."

கேப்டன் மணிக்கட்டு வாட்ச்சை மறுபடி பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

ஹேயின் நடுவில் போய் நின்று கைதட்டினாள். "எல்லாரும் எடையைக் கீழே வைங்க! இந்தத் தூளைக் குடிக்கிறவங்க யாரெல்லாம்? உண்மையைச் சொல்லுங்க!"

திருட்டு மிட்டாய் தின்ற பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கைகளைத் தூக்கினார்கள். ஏழு கைகள். இன்று வராத ஐந்து பேரின் பெயர்களையும் அவர்களே சொன்னார்கள். பன்னிரண்டு. டாக்டரிடம் போகச் சொன்னபோது, 'ஜொம்ரேயே நல்லதுன்னு சொன்னாளே' என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள்.

* * *

"எல்லாரும் தாங்களா மாத்திரையை நிறுத்தினாங்க, சரி" என்றாள் மிரான். "ஆனா ஜொம்ரே அம்மா நிறுத்தலைன்னு சத்தியம் பண்றாங்க. பொட்டலம் காலின்னு மகனும் சொல்றான். அப்புறம் நாடி எப்படி 148க்குப் போச்சு? அவங்க இங்க வச்சிருக்குற அலமாரியைத் திறங்க."

அலமாரியில் தேய்ந்த ரப்பர் செருப்பு, ஒரு துண்டு, சீப்பு, ஒரு தகர டப்பா. பயிற்சி முடிய நேரமானால் மாத்திரை வேளை தவறக்கூடாது என்று ஜொம்ரே இங்கேயே இரண்டு நாள் பொட்டலங்களை வைத்திருப்பாளாம். டப்பாவுக்குள் அவை இருந்தன. மருந்துக் கடையின், பிளாஸ்டிக் பூசிய மெல்லிய காகிதப் பொட்டலங்கள், பெயரும் தேதியும் அச்சிட்டவை. 'காலை. மாத்திரை 4.'

மிரான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

மூன்று.

இரண்டாவது பொட்டலத்திலும் மூன்று.

ஹேயின் தன் பதிவேட்டில் குறித்திருந்த மாத்திரைகளோடு ஒப்பிட்டாள். ரத்தக் கொதிப்புக்கு ஒன்று இருந்தது. கொழுப்புக்கு ஒன்று. ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. நாடி மாத்திரையைக் காணோம்.

"மருந்துக் கடைக்காரன் மறந்துட்டானோ?"

"மறந்திருந்தா பொட்டலம் இப்படி இருக்காது" என்றாள் மிரான். மூன்று ஓரங்களில் இயந்திரம் அழுத்திய சின்னச் சின்னப் புள்ளிகள். நான்காவது ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, யாரோ மறுபடி சூடு வைத்து ஒட்டியிருந்தார்கள். வழவழப்பான ஒற்றைக் கோடு. அந்தக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஓர் அரிசி அகலத்துக்கு ஒட்டாமல் இடைவெளி. இரண்டு பொட்டலத்திலும் அதே இடத்தில். "ஒட்டுற மெஷினோட கம்பி அந்த இடத்துல தேஞ்சிருக்கு."

கேப்டனின் தூள் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தங்க எழுத்துக்கு மேலே அதே வழவழப்பான கோடு. அதே அரிசி இடைவெளி.

"தூள் விக்கிறவனும் மாத்திரையைத் திருடினவனும் ஒரே ஆளு" என்றாள். "யாருன்னு தெரிஞ்சுட்டா…"

பின்னால் மெல்லும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. தல்சூ கையிலிருந்த நெத்திலிப் பையைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தான்.

அதே கோடு. அதே அரிசி இடைவெளி.

"மேடம்" என்றான், வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு. "நமக்குக் கூலி குடுத்தவன்."

* * *

கருவாட்டுச் சந்தையின் நடு வரிசையில் தோ கீதேயின் கடை. நெத்திலிக் குவியல்களுக்குப் பின்னால், ஸ்டூலின் மேல் அந்தச் சூட்டு மெஷின் ஒளிவு மறைவில்லாமல் இருந்தது. அதன் பக்கத்திலேயே பார்லி மாவு மூட்டை. மூன்று பொட்டலங்களையும் மிரான் வரிசையாக வைத்தபோது கீதே முதலில் கண்ணீரை வரவழைக்கப் பார்த்தான். வரவில்லை. விட்டுவிட்டான்.

"இதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றான். "ஜிம்காரியைப் பத்தி எழுதச் சொன்னா, என் கடைக்கு வந்து நிக்கிறீங்க."

"ஏன் எடுத்தே?"

"அம்மாகிட்ட நல்லபடியாத்தான் சொன்னேன், அந்த ஒரு மாத்திரையை நிறுத்தும்மான்னு. கேக்கல. டாக்டர் சொன்னா அதுக்கு சாமி வாக்கு. தூளை மட்டும் குடிச்சா ஒண்ணும் ஆகாதே. பழைய வீடியோ வந்து பாருங்க, கம்பியைத் தூக்கிட்டு எருமை மாதிரி மூச்சு வாங்கும். அதை வச்சு எவன் வாங்குவான்? மாத்திரையை எடுத்தப்புறம் எடுத்த படம்தான் அட்டையில இருக்குறது. பாத்தீங்களா சிரிப்பை? அம்மாவை அவ்வளவு சந்தோஷமா நான் பாத்ததே இல்ல. நல்லதுதானே செஞ்சேன்?"

அவன் நிஜமாகவே அப்படி நம்புகிறான் என்பது மிரானுக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வாரா வாரம் உட்கார்ந்து, பெற்றவளின் ஏழு நாள் பொட்டலத்தையும் ஒவ்வொன்றாக வெட்டி, சின்ன மாத்திரையைப் பொறுக்கி, சூடு வைத்து ஒட்டிய விரல்கள் இப்போது நெத்திலியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. அதே பொறுமை, அதே நேர்த்தி. அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"விழுந்தப்புறமாவது ஆஸ்பத்திரியில சொன்னியாடா?" என்றான் தல்சூ. "அந்த மாத்திரை மூணு வாரமா உள்ள போகலைன்னு ஒரு வார்த்தை?"

"கேக்கலையே."

தல்சூ திரும்பி மிரானைப் பார்த்தான்.

"போலீஸுக்குப் போறோம்" என்றாள் மிரான்.

"போங்களேன்." கீதே சிரித்தான். "பொட்டலத்துல மூணு இருந்தா? அம்மாவே வெட்டி எடுத்திருக்கலாம். மெஷின் சந்தையில யார் வேணா தொடுற மெஷின். அம்மா என் பேர்ல புகார் குடுக்கணும். குடுக்குமா? ஒரே புள்ள நான். போய்க் கேட்டுப் பாருங்க." ஒரு பையில் நெத்திலியை அள்ளினான். "அண்ணனுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னா இன்னொண்ணு எடுத்துக்கங்க."

மிரான் காலையில் வாங்கிய முன்பணத்தை நெத்திலிக் குவியலின் மேல் வைத்துவிட்டு நடந்தாள். சந்தை முனைக் குழாயில் இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினாள். தல்சூ பக்கத்தில் நின்று வாய் கொப்பளித்தான். மூன்று தடவை.

* * *

ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கைகள் கொண்ட அறை. ஜன்னலோரப் படுக்கையில் மா ஜொம்ரே. இருதயக் குழாயில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் என்கிற கம்பி வலை வைத்து, ஒன்பது நாள் ஆகியிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் கைகள் மட்டும் ஆண்பிள்ளைக் கைகள். பக்கத்தில் ஹேயின் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜொம்ரேயிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இதைக் கத்த மிரானுக்கு மனம் வரவில்லை. நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். கிழவி விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

அவள் முதலில் மிரானைப் பார்க்கவில்லை. ஹேயினைப் பார்த்தாள். காது கேளாதவர்கள் பேசும் உச்சக் குரலில் கேட்டாள்:

"அப்போ அந்த எழுபது கிலோ நான் தூக்கினது இல்லையா? மாத்திரை இல்லாததுதான் தூக்கிச்சா?"

ஹேயின் அவள் காதோரம் குனிந்து கத்தினாள். "மாத்திரை போட்டுக்கிட்டே அறுபத்தஞ்சு தூக்கினீங்கம்மா! அது உங்க கை! உங்க முதுகு! அதை யாரும் எடுக்க முடியாது!"

ஜொம்ரே தலையாட்டினாள். பிறகு நோட்டை மிரானிடம் தள்ளினாள்.

"எழுதிக்கோ. மாத்திரையை நான்தான் வெட்டி எடுத்தேன். கசந்துச்சு, எடுத்தேன். எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

பக்கத்துப் படுக்கைக்காரி இருமுவதை நிறுத்தினாள். மிரான் பேனாவை எடுக்கவில்லை. மகனின் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கடையில் கீதேயைப் பார்த்து வந்த அருவருப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை அது யாரைப் பார்த்து என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

தல்சூதான் முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து தங்க எழுத்துப் பொட்டலத்தை எடுத்து கிழவியின் உள்ளங்கையில் வைத்தான்.

ஜொம்ரே கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது என் மூஞ்சி."

"ஆமாம்மா!" தல்சூ கத்தினான். "வித்தவன் உங்க மகன்! உங்க மூஞ்சியைப் பாத்து வாங்கியிருக்காங்க! பன்னிரண்டு பேரு! கேப்டன் பாங் காலையில நூத்தி முப்பத்தொன்பதுல நின்னாரு!"

"பாங்கா? அவன்கிட்ட நல்லது குடின்னு நான்தானே சொன்னேன்." அவள் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "எம்புள்ள டப்பாவுல போட்டுக் குடுத்த சத்து மாவைத்தான் கேக்குறான்னு நினைச்சேன், நல்லதாத்தான் இருக்கும்னு… அவங்களும் மாத்திரையை விட்டுட்டாங்களா?"

மூவரும் தலையாட்டினார்கள்.

ஜொம்ரே ஜன்னல் பக்கம் திரும்பினாள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒரு பலகையில ரெண்டு பேரு தொங்குவோம்" என்றாள். "ஒருத்தி கயித்தை விட்டா ரெண்டு பேரும் கீழே. நாப்பது வருஷம் தொங்கினேன். எவளும் என்னால விழுந்ததில்ல." கையை நீட்டினாள். "போனைக் குடு பொண்ணே. அந்தப் பன்னிரண்டு பேரு நம்பரும் போட்டுக் குடு. நீங்க ரெண்டு பேரும் போலீஸைக் கூப்பிடுங்க."

முதலில் கேப்டனுக்கு. எதிர்முனையில் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்காது, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. "பாங்! நான் ஜொம்ரே! அந்த எழவுத் தூளைக் கீழே கொட்டு! இப்பவே டாக்டர்கிட்ட போ! மாத்திரையை விட்டுட்டேன்னு சொல்லு, வெக்கப்படாதே! நான் பொய் சொல்லிட்டேன்டா, தெரியாம சொல்லிட்டேன்!" வைத்துவிட்டு அடுத்தது. ஒவ்வொருவருக்கும் அதே வார்த்தைகள், அதே கத்தல். நர்ஸ் ஓடிவந்தாள். ஹேயின் அவளை வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

பன்னிரண்டாவது ஆளிடம் பேசும்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜொம்ரே அவர்களைக் காத்திருக்க வைத்துப் பேசி முடித்தாள். பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆறு படுக்கைக்கும் கேட்டது. இளையவர் எழுதினார், மூத்தவர் பொட்டலங்களை உறையில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டதும் அவள் மறுபடி போனைக் கேட்டாள். இந்த எண்ணை யாரும் போட்டுத் தர வேண்டியிருக்கவில்லை.

"டேய் கீதே! அம்மா பேசுறேன்!"

மிரான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"சாப்பிட்டியா?"

பதில் ஜொம்ரேக்குக் கேட்டிருக்காது. இருந்தாலும் கேட்டதுபோல் கொஞ்ச நேரம் போனைக் காதில் அழுத்தி வைத்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டு வாடா! சூடா சூப்பும் சோறும் வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு நேரா இங்க வா! போலீஸ்காரங்க உக்காந்திருக்காங்க! அங்க எத்தனை மணிக்குச் சோறு போடுவாங்களோ, யாருக்குத் தெரியும்!"